செதுக்குளியிலிருந்து நிரலுக்கு: மேற்கத்திய இசையச்சில் சுரத்தலை, இணைப்புப்பட்டை இடைவெளிகளின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

மேற்கத்திய இசைக்குறியீட்டில் சுரத்தின் உயரத்தை ஐங்கோட்டில் அது பெறும் இடமும், அதன் கால அளவை அதன் வடிவமும் உணர்த்துகின்றன. இரு சுரங்களுக்கு இடையே விடப்படும் வெள்ளிடம் தனிப்பொருள் எதனையும் தருவதில்லை. எனினும் இசைப்பவரின் கண் தடையின்றிச் செல்வதும் தடுமாறுவதும் அவ்விடைவெளியைப் பொறுத்தே அமைகின்றன. அச்செழுத்து, உலோகத்தகடு, கணிப்பொறி ஆகிய மூன்று தொழில்நுட்பங்களில் சுரத்தலைகளும் இணைப்புப்பட்டைகளும் இடைவெளி பெற்ற முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. இன்றைய இசையச்சு மென்பொருள்கள் தகட்டுச் செதுக்கலாளர்களின் கைத்தொழிலறிவை மரபுரிமையாகப் பெற்றவை என்பதும், அவ்வறிவில் கணக்காக எழுதப்பட்டிருந்த பகுதி எளிதாகவும் கண்ணின் தீர்ப்பாக இருந்த பகுதி தாமதமாகவும் நிரலுக்குள் வந்தன என்பதும் இதன்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இசையச்சு, தகட்டுச் செதுக்கல், சுரத்தலை, இணைப்புப்பட்டை, இடைவெளி, இசையச்சு மென்பொருள்.

முன்னுரை

அச்சு வரலாற்றாய்வுகள் பெரும்பாலும் எழுத்தையும் நூலையும் மையமாகக் கொண்டவை. இசையச்சு அவற்றில் ஓர் ஓரத்திலேயே இடம்பெறுகிறது. தமிழில் இசைநூல்கள் பெரிதும் சுர எழுத்துகளைக் கொண்டே அச்சாகி வந்துள்ளன. 1890களில் சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் தென்னிந்திய இசையை ஐரோப்பியக் குறியீட்டில் வெளியிட்ட முயற்சி போன்றவை விதிவிலக்குகளே. சுர எழுத்துகளை அச்சுக்கோப்பவர் பிற எழுத்துகளைப் போலவே வரிசையாகக் கோத்துவிடலாம். ஐங்கோட்டுக் குறியீட்டிலோ ஒவ்வொரு குறியும் மேல்கீழாகவும் இடம்வலமாகவும் தனக்குரிய இடத்தைத் தேட வேண்டியுள்ளது. ஆகவே அக்குறியீடு தோன்றி வளர்ந்த ஐரோப்பியச் சூழலிலேயே இச்சிக்கலை ஆராய்வது பொருத்தமாகும்.

இக்கட்டுரையில் ஆளப்படும் சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்ளலாம். ஐந்து கிடைக்கோடுகளின் தொகுதி ஐங்கோடு; அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடைப்பட்ட தொலைவு கோட்டிடை. முட்டை வடிவிலான சுரக்குறி சுரத்தலை. அதிலிருந்து மேலோ கீழோ செல்லும் செங்குத்துக்கோடு தண்டு. முழுச்சுரத்தின் எட்டில் ஒரு பங்கான அரைக்கால் சுரம், பதினாறில் ஒரு பங்கான வீசச் சுரம் போன்ற குறுஞ்சுரங்கள் தனித்து நிற்கையில் தண்டின் நுனியில் கொடி பெறும்; குழுவாக வருகையில் தண்டுகளின் நுனிகளைத் தடித்த இணைப்புப்பட்டை ஒன்றோ பலவோ இணைக்கும். அரைக்கால் சுரத்துக்கு ஒரு பட்டை, வீசத்துக்கு இரண்டு, அதனிற் பாதிக்கு மூன்று என்பது முறை.

1. அச்செழுத்தின் எல்லைகள்

ஒட்டாவியானோ பெட்ருச்சி 1501ஆம் ஆண்டு வெனிசில் வெளியிட்ட ஹார்மோனிச்சே முசிச்சஸ் ஓதெகாட்டன், பலகுரல் இசையை அச்செழுத்தில் தந்த முதல் தொகுப்பாகும். கோடுகள், சுரங்கள், பாடற்சொற்கள் எனத் தாள் மும்முறை அச்சேறியது. ஒவ்வொரு முறையும் தாள் அதே இடத்தில் பிசகாமல் பொருந்த வேண்டும். சற்றே விலகினாலும் சுரம் கோடு மாறி வேறு சுரமாகிவிடும். விளைவு அழகியது, உழைப்போ மிகுதி.

பாரிசைச் சேர்ந்த பியேர் அத்தேஞான் 1528இல் வெளியிட்ட பாடல் தொகுப்பு வேறு வழியைக் கையாண்டது. ஒவ்வோர் அச்செழுத்தும் சுரத்தையும் அதன் பின்னுள்ள ஐங்கோட்டுத் துண்டையும் சேர்த்தே தாங்கியது. ஒரே பதிப்பில் பக்கம் முடிந்தது, செலவு குறைந்தது, இம்முறை ஐரோப்பாவெங்கும் பரவியது. ஆனால் இரண்டு விலைகள் கொடுக்கப்பட்டன. துண்டுகள் சேருமிடங்களில் கோடுகள் விட்டுவிட்டுத் தெரிந்தன. சுரங்களுக்கு இடையிலான தொலைவை அச்செழுத்தின் அகலமே முடிவு செய்தது. மேலும், ஓர் அச்செழுத்தில் ஒரு சுரம் என்னும் அமைப்பில், பல சுரங்களைத் தழுவிச் சாய்ந்து செல்லும் பட்டைக்கு இடமில்லை. கையெழுத்தில் விசைப்பலகை இசையை எழுதியோர் குறுஞ்சுரங்களை இணைத்தெழுதிய காலத்திலும் அச்செழுத்தில் அவை தனித்தனிக் கொடிகளுடனேயே நின்றன.

1687இல் இலண்டனில் வெளிவந்த வின்குலும் சொசியேட்டாட்டிஸ் என்னும் தொகுப்பில்தான் சுரங்களை இணைத்துக் காட்டும் புதிய அச்செழுத்து ஆங்கிலேய வாசகர்க்கு அறிமுகமாயிற்று. 1750களின் நடுவில் லைப்சிக் நகரின் யோகான் கோட்லோப் இம்மானுவேல் பிரைட்கோப், சுரத்தலை, தண்டு, கொடி, கோட்டுத்துண்டு என ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு அச்செழுத்தாகப் பிரித்து, அவற்றை ஒட்டுச்சித்திரம் போல் சேர்க்கும் முறையை உருவாக்கினார். பட்டைகளும் நாண் இசைகளும் இதனால் இயன்றன. எனினும் சாய்வான பட்டை என்பது சிறு துண்டுகளின் தொகுப்பாகவே இருந்தது. அச்செழுத்து மரபில் இடைவெளி என்பது இறுதிவரை உலோகத் துண்டுகளின் அகலமாகவே இருந்தது.

2. தகட்டில் இடைவெளி ஒரு முடிவாதல்

இதற்கு இணையாக மற்றொரு மரபு வளர்ந்தது. 1586இல் உரோமையில் சிமோனே வெரோவியோ செப்புத்தகட்டில் செதுக்கி இசையை வெளியிட்டார். இங்கிலாந்தில் 1610களின் தொடக்கத்தில் வெளிவந்த பார்த்தெனியா, விசைப்பலகை இசையைச் செப்புத்தகட்டில் தந்தது. செதுக்குளிக்கு அகலக் கட்டுப்பாடு இல்லை. கை சென்ற இடத்தில் குறி அமையும். 1700ஐ ஒட்டி இலண்டனின் ஜான் வால்ஷ் செம்புக்கு மாற்றாக வெள்ளீயக் கலவைத் தகட்டையும், சுரத்தலை முதலிய வடிவங்களைத் தாங்கிய எஃகு முத்திரைகளையும் பயன்படுத்தத் தொடங்கியபின் இம்மரபு வணிக அடிப்படையில் வலுப்பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் லைப்சிக் இதன் தலைநகராயிற்று. 1846இல் அங்கு தொடங்கப்பட்ட சி.ஜி. ரோடர் நிறுவனம் பல பதிப்பகங்களுக்காகத் தகடு செதுக்கியது.

செதுக்கலாளரின் பணிமுறை இக்கட்டுரையின் பொருளுக்கு இன்றியமையாதது. அவர் முதலில் கையெழுத்துப்படி முழுவதையும் படித்து, ஒரு வரியில் எத்தனை அளவுகள், ஒரு பக்கத்தில் எத்தனை வரிகள் எனக் கணித்தார். இசைப்பவர் பக்கத்தைத் திருப்பக் கை ஓயும் இடம் எது என்பதும் அக்கணிப்பில் அடங்கும். பிறகு ஐந்து பற்களுடைய கருவியால் ஐங்கோட்டை இழுத்து, கவராயத்தால் ஒவ்வொரு சுரத்தின் இடத்தையும் தகட்டில் மெல்லக் குறித்தார். அதன் பின்னரே முத்திரைகளைச் சுத்தியலால் அடித்துச் சுரத்தலைகளைப் பதித்தார். இறுதியில் தண்டுகளையும் பட்டைகளையும் வளைகோடுகளையும் செதுக்குளியால் வெட்டினார். இவை அனைத்தும் கண்ணாடி பிம்பமாக, வலமிருந்து இடமாக நிகழ்ந்தன. பிழை நேர்ந்தால் தகட்டின் பின்புறம் தட்டி உலோகத்தை உயர்த்திச் சமன்செய்து மீண்டும் பதிக்க வேண்டும்.

ஆக, இங்கு இடைவெளி பதிப்புக்கு முன்பே எடுக்கப்பட்ட முடிவு. பிற்காலத் திருத்தம் கடினமாதலால் அம்முடிவு சரியாக இருந்தே தீரவேண்டும். பல்லாண்டுப் பயிற்சியில் மட்டுமே கைவந்த இவ்வறிவு, பெரும்பாலும் ஆசானிடமிருந்து மாணவருக்குப் பட்டறையிலேயே சென்றது. இயற்றியவர் பெயரும் பதிப்பகத்தின் பெயரும் அட்டையில் நிற்க, தகடு செதுக்கியவர் பெயர் பெரும்பாலும் எங்கும் இடம்பெறவில்லை.

3. இணைப்புப்பட்டையின் கணக்கு

செதுக்கல் மரபில் இணைப்புப்பட்டையின் தடிப்பு அரைக் கோட்டிடை. அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையிலான வெள்ளிடம் ஏறத்தாழக் கால் கோட்டிடை. இவ்வளவுகள் ஏன் என்பதற்கு விடை மையின் இயல்பில் உள்ளது. பட்டையின் விளிம்புக்கும் ஐங்கோட்டின் கோட்டுக்கும் இடையே மிகக் குறுகிய வெள்ளிடம் சிக்கினால் அச்சில் மை பரவி அதனை அடைத்துவிடும். அடைக்காவிடினும் அது கண்ணை உறுத்தும். ஆகவே ஐங்கோட்டின் உள்ளே வரும் பட்டை முனைக்கு மூன்று நிலைகளே ஏற்புடையவையாகக் கொள்ளப்பட்டன: கோட்டின்மேல் அமர்தல், கோட்டின்கீழ் தொங்குதல், கோட்டை நடுவில் தாங்கி நிற்றல். இரு கோடுகளுக்கு நடுவே மிதக்கும் பட்டை மேலும் கீழும் கால் கோட்டிடை வெள்ளிடத்தை விடுவதால் தவிர்க்கப்பட்டது.

இவ்விதியைப் பட்டைகளின் எண்ணிக்கையோடு சேர்த்துக் கணக்கிட்டால் மரபின் நுட்பம் வெளிப்படும். கோட்டின் தடிப்பை விலக்கிப் பார்க்கும்போது, மூன்று பட்டைகளும் அவற்றிடையே இரு வெள்ளிடங்களும் சேர்ந்து சரியாக 2 கோட்டிடை ஆகின்றன. முதற்பட்டை ஒரு கோட்டின்கீழ் தொங்கினால், இரண்டாவது அடுத்த கோட்டைத் தாங்கி நிற்கும். மூன்றாவது அதற்கடுத்த கோட்டின்மேல் அமரும். மூன்றும் ஏற்புடைய நிலைகளே. இரு பட்டைகளுக்கு மொத்தம் 1.25 கோட்டிடை, தொங்குதல்–தாங்குதல், தாங்குதல்–அமர்தல் என இரு இணைகள் கிடைக்கின்றன. நான்காம் பட்டை சேர்ந்தாலோ மொத்தம் 2.75 ஆகி, கடைசிப் பட்டை கோடுகளுக்கு நடுவே மிதக்கத் தொடங்கும். அப்போது இடைவெளியைச் சற்று விரித்து நான்கையும் 3 கோட்டிடைக்குள் பரப்புவது ஒரு தீர்வு. அரை, கால் என்னும் அளவுகள் வெறும் அழகுணர்ச்சியால் அமைந்தவை அல்ல. ஐங்கோட்டின் ஒழுங்கோடு பொருந்தும் எண்களாகவே அவை நிலைபெற்றன.

சாய்வும் இதனைச் சார்ந்ததே. பட்டை சுரங்களின் ஏற்ற இறக்கத்தைக் காட்ட வேண்டும். ஆயின் செங்குத்தாகச் சாய்ந்தால் கோடுகளுடன் சிறு முக்கோண வெள்ளிடங்கள் தோன்றும். ஆகவே அடுத்தடுத்த படிகளில் உள்ள இரு சுரங்களுக்குப் பட்டை ஏறத்தாழக் கால் கோட்டிடை மட்டும் சாய்வது வழக்கமாயிற்று. சுரங்களின் உண்மைத் தொலைவைப் பட்டை அப்படியே படியெடுப்பதில்லை. அதன் திசையைச் சுட்டுவதோடு அமைகிறது.

4. சுரத்தலைகளுக்கு இடைப்பட்ட வெளி

கால அளவுக்கு நேர்விகிதத்தில் இடம் விட்டால், ஒரு முழுச்சுரம் வீசச் சுரத்தைப் போல் 16 மடங்கு இடம் கொள்ளும். வரியின் பெரும்பகுதி வெறுமையாகும். எல்லாவற்றுக்கும் சம இடம் விட்டாலோ தாளத்தின் நடையைக் கண் இழந்துவிடும். செதுக்கலாளர் இரண்டுக்கும் இடைப்பட்ட வழியைக் கையாண்டனர்: காலம் இரட்டிக்கும்போது இடமும் மிகும், ஆயின் இரட்டிக்காது.

இம்மரபை மென்பொருள்கள் வெவ்வேறு சூத்திரங்களாக வடித்துள்ளன. காலம் இரட்டிக்குந்தோறும் இடத்தை 1.41ஆல் பெருக்கினால், வீசம், அரைக்கால், கால், அரை, முழுச்சுரம் ஆகியவற்றின் இடங்கள் முறையே 1, 1.41, 2, 2.83, 4 என்றமையும். பிபனாச்சி விகிதமான 1.618ஐக் கொண்டால் இறுதி எண் ஏறத்தாழ 6.85 ஆகும். லிலிபாண்ட் என்னும் மென்பொருள் பெருக்குவதில்லை, கூட்டுகிறது: இசையில் பரவலாக வரும் மிகக் குறுகிய சுரத்துக்கு இரு சுரத்தலை அகலம், காலம் இரட்டிக்குந்தோறும் மேலும் ஓர் அகலம். வீசத்தை அடிப்படையாகக் கொண்டால் 2, 3, 4, 5, 6 என்னும் வரிசை கிடைக்கும். அதாவது முழுச்சுரம் வீசத்தைப் போல் மும்மடங்கு மட்டுமே. மூன்று சூத்திரங்களும் ஒரே மரபுக்கு உரிமை கோரக்கூடியவை. அவை தரும் பக்கங்களோ வேறுபட்டவை. பட்டறையில் ஒரே விதி இருந்ததில்லை என்பதையே இது காட்டுகிறது.

சூத்திரம் கிடைத்தபின்னும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. மேல்நோக்கிய தண்டு சுரத்தலையின் வலப்பக்கத்திலும் கீழ்நோக்கிய தண்டு இடப்பக்கத்திலும் ஒட்டுகின்றன. சுரத்தலைகளை மூன்று தலையகலத் தொலைவில் சமமாக வைத்தோம் எனக் கொள்வோம். மேல்தண்டுச் சுரத்தை அடுத்துக் கீழ்தண்டுச் சுரம் வந்தால் தண்டுகளுக்கு இடையே இரு தலையகலம் மட்டுமே இருக்கும். கீழ்தண்டை அடுத்து மேல்தண்டு வந்தால் நான்கு தலையகலம் இருக்கும். கணக்கில் சமமானது கண்ணுக்கு ஒன்றுக்கு இரண்டாகத் தோன்றுகிறது. எனவே முதல் இணையைச் சற்று விலக்கியும் இரண்டாம் இணையைச் சற்று நெருக்கியும் அமைப்பது செதுக்கலாளர் வழக்கம். முழு வேறுபாட்டையும் ஈடுசெய்தால் தலைகள் ஒழுங்கற்றுத் தோன்றும். ஆகவே ஒரு பகுதி மட்டுமே திருத்தப்பட்டது. ஒரே பட்டையின் மேலும் கீழுமாகச் சுரங்கள் அமையும்போது இச்சிக்கல் மிகவும் கூர்மையடையும். எவ்வளவு திருத்துவது என்பதற்குப் பட்டறையில் கண்ணே அளவுகோல்.

5. கணிப்பொறிக்கு மாறிய அறிவு

தகட்டுத் தொழில் நலிந்துவந்த காலத்திலேயே அதன் அறிவு நூல்வடிவம் பெற்றது. வியன்னாவில் 1948இல் கார்ல் ஹாடரும், அமெரிக்காவில் 1970இல் டெட் ராசும் வெளியிட்ட நூல்கள் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. ராசின் நூல் பட்டைகளின் நிலைகளையும் சாய்வுகளையும் விரிவாகத் தொகுத்தமையால் பிற்கால நிரலாளர்க்கு அடிப்படை நூலாயிற்று.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லேலண்ட் ஸ்மித் 1970களில் வளர்த்தெடுத்த ஸ்கோர் என்னும் மென்பொருள், ஒவ்வொரு குறியையும் எண்களின் வரிசையாக விவரித்தது. கிடைமட்ட இடமும் செங்குத்து இடமும் அவ்வெண்களில் அடங்கின. பயனர் விரும்பிய எண்ணை மாற்றிக் குறியை நகர்த்தலாம். கையின் தீர்ப்புக்கு இவ்வகையில் இடம் இருந்தது. இண்டியானா பல்கலைக்கழகத்தில் 1984இல் டொனால்டு பைர்டு அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, எல்லாச் சூழலிலும் மனிதத் தலையீடின்றி இசைக்குறியீட்டை அமைக்கும் நம்பிக்கையை ஐயுற்றது. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் கோர்லே 1980களில் மேற்கொண்ட ஆய்வுகள் வேறு திசையில் சென்றன. டொனால்டு நூத் உருவாக்கிய டெக் மென்பொருள் ஒரு பத்தி முழுவதையும் நோக்கி வரிகளை முறிப்பது போல, இசையின் வரிகளையும் ஒட்டுமொத்தமாகத் தீர்மானிக்கலாம் என அவை காட்டின. சுரங்களுக்கு இடையே விரிந்து சுருங்கும் சுருள்வில் இருப்பதாகக் கொள்வது இத்துறையின் பொதுக் கருத்துருவாயிற்று. வில்லின் இயல்பு நீளம் சுரத்தின் கால அளவிலிருந்து பெறப்படும். ஒன்றன்மேல் ஒன்று குறிகள் மோதாதிருக்கக் குறைந்தபட்சத் தொலைவும் விதிக்கப்படும்.

1988இல் ஃபினாலேயும் 1993இல் சிபீலியசும் இத்தொழில்நுட்பத்தை இசைக்கலைஞரின் மேசைக்கே கொண்டுவந்தன. 1996இல் நெதர்லாந்தின் ஹான்-வென் நீன்ஹாய்சும் யான் நியூவன்ஹாய்சனும் லிலிபாண்டைத் தொடங்கினர். கணிப்பொறியில் அமைந்த பக்கங்கள் இயந்திரத்தனமாக உள்ளன என்பதே அவர்களின் தொடக்கக் குற்றச்சாட்டு. அவர்கள் சூத்திரங்களோடு நில்லாமல், கையால் செதுக்கப்பட்ட பழைய பதிப்புகளை உருப்பெருக்கி ஆராய்ந்தனர். தண்டுத் திசைக்கேற்ற திருத்தம் அதனால் நிரலில் இடம்பெற்றது. பட்டை அமையக்கூடிய பல நிலைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் குறைகளுக்கும் தண்டமதிப்பு இட்டு, குறைந்த மதிப்புள்ளதைத் தேரும் முறையும் அமைந்தது. நான்கு பட்டைகளை 3 கோட்டிடைக்குள் பரப்பும் கணக்கும் அந்நிரலில் உண்டு.

இவ்வரலாற்றின் வரிசை கவனத்திற்குரியது. கால அளவுக்கும் இடத்துக்கும் உள்ள விகிதம் எண்ணாதலால் முதலிலேயே நிரலாக்கப்பட்டது. கண்ணின் திருத்தமோ, அது இல்லாத பக்கங்களைக் கண்டு குறை உணர்ந்தபின், பழைய அச்சுத்தாள்களிலிருந்து மீட்டெடுக்கப்பட்டது. மூனிக் நகரின் ஹென்லே பதிப்பகத்தில் 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலம்வரை கைச்செதுக்கல் நீடித்தது. அதாவது நிரலாளர் அளந்து பார்த்த மரபு அப்போதும் முற்றிலும் மறைந்திருக்கவில்லை. எனினும் அவர்களின் முதன்மைச் சான்றாகச் செதுக்கலாளரின் சொல்லைவிட அவர் விட்டுச்சென்ற தாளே விளங்கியது.

6. கோப்பில் தங்காத இடைவெளி

தகட்டிலும் தாளிலும் இடைவெளி பொருளோடு பிரிக்க இயலாதபடி இணைந்திருந்தது. மென்பொருளில் இவ்விணைப்பு தளர்கிறது. ஸ்கோர் ஒவ்வொரு குறியின் இடத்தையும் கோப்பிலேயே எண்ணாகப் பதிந்தது. லிலிபாண்டின் உள்ளீட்டுக் கோப்பிலோ சுரத்தின் உயரமும் நீளமும் மட்டுமே இன்றியமையாதவை; இடைவெளி ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணிக்கப்படுகிறது. கணிப்புமுறை திருந்தினால் அதே கோப்பு வேறு பக்கமாக வெளிவரும். 2004இல் மைக்கேல் குட் வெளியிட்ட மியூசிக் எக்ஸ்.எம்.எல். வடிவம் ஒரு மென்பொருளின் இசையை மற்றொன்றுக்கு மாற்ற உதவுகிறது. குறிகளின் இடத்தைப் பதிய அதில் வழி இருப்பினும் அது கட்டாயமன்று, பெறும் மென்பொருள் அதனைப் பின்பற்ற வேண்டும் என்பதும் இல்லை.

2024 ஆகஸ்டில் ஃபினாலேயின் வளர்ச்சி நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டபோது இச்சிக்கல் நடைமுறைக்கு வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதில் உருவான பக்கங்களின் சுரங்களை வேறு மென்பொருளுக்கு மாற்றிவிடலாம். அப்பக்கங்களை அமைத்தவர்கள் ஒவ்வொரு பட்டையையும் கையால் நகர்த்தி எடுத்த முடிவுகள் அவ்வாறே மாறிச் செல்லும் என்பதற்கு உறுதியில்லை. 19ஆம் நூற்றாண்டுச் செதுக்கலாளரின் தீர்ப்பை இன்றும் தாளில் அளந்துவிடலாம். அண்மைக்கால வல்லுநரின் தீர்ப்பு, அச்சுப்படியோ பக்கப்படமோ பேணப்பட்டால் ஒழிய, அளக்க எஞ்சாது போகலாம். ஆவணக் காப்பகங்கள் இசைக்கோப்புகளைச் சேமிக்கும்போது அவற்றின் பக்கவடிவத்தையும் உடன்சேமிக்க வேண்டியதன் தேவையை இது வலியுறுத்துகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

சுரத்தலை, இணைப்புப்பட்டை ஆகியவற்றின் இடைவெளி ஒவ்வொரு தொழில்நுட்பத்திலும் வெவ்வேறு தன்மை பெற்றது. அச்செழுத்தில் அது உலோகத்தின் அகலம். தகட்டில் செதுக்கலாளரின் முன்முடிவு. மென்பொருளில் கணிப்பின் விளைவு.

பட்டைக்கு அரை, வெள்ளிடத்துக்குக் கால் என்னும் மரபளவுகள் மையின் இயல்புக்கும் ஐங்கோட்டின் ஒழுங்குக்கும் பொருந்த அமைந்தவை. திரையில் மை பரவுவதில்லை. எனினும் மென்பொருள்கள் அவ்வளவுகளைத் தொடர்கின்றன. தோற்றுவித்த காரணம் நீங்கியபின்னும் வடிவம் நிலைத்தற்கு இது தெளிவான சான்று.

கணிப்பொறி கைத்தொழிலை அழித்தது என்னும் கூற்றும், அதனை முழுமையாகக் கைக்கொண்டது என்னும் கூற்றும் ஒருசேரக் குறையுடையன. எழுதப்பட்ட விதி எளிதில் கடந்து வந்தது. எழுதப்படாத தீர்ப்பு, அது பதிந்திருந்த தாள்கள் எஞ்சியமையால் மட்டுமே வர இயன்றது. பெயரறியாத செதுக்கலாளர்களின் அறிவு இன்று மென்பொருளின் இயல்பமைப்பாக, மீண்டும் பெயரின்றியே, உலகெங்கும் வழங்குகிறது. அவ்வியல்பமைப்பை இயற்கை விதியாகக் கொள்ளாமல் வரலாறுடைய ஒரு தேர்வாக வாசிப்பதே இசையச்சு ஆய்வின் தொடக்கமாக அமையும்.